கழற்றி மாட்டினால் குறி தப்புமா?

ஜெர்மனியின் தூரிங்கியா மாநிலத்தில், காட்டு மலைகளுக்கு நடுவே ஸூல் என்றொரு நகரம் இருக்கிறது. இளையோர் உலகக் கோப்பைத் துப்பாக்கி சுடும் போட்டிகள் அங்கே நடப்பதால் நம் நாட்டு வீரர், வீராங்கனைகளுக்கு அது பழகிய பெயர். நூற்றாண்டுகளாகத் துப்பாக்கி செய்தே பிழைத்த ஊர். சாவர் நிறுவனம் 1751இல் அங்கேதான் தொடங்கியது. ஐரோப்பிய வேட்டைக்காரர்கள் அந்த ஊர்ப் பெயரை இன்றும் உச்சரிப்பது ஒரு சின்ன எஃகு உறுப்பை முன்னிட்டு. குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பைத் துப்பாக்கியின் மேல் மாட்டவும், நினைத்த நேரத்தில் கழற்றவும் உதவுகிற கொக்கி மவுன்ட் அது.

ஸ்கோப்பின் அடியில் முன்னும் பின்னும் எஃகுக் கால்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு கொக்கிகள். துப்பாக்கியின் முதுகில் அவற்றுக்கு அளவான குழிகள். முன்கொக்கிகளைச் சாய்த்து நுழைத்துப் பின்பக்கத்தை அழுத்தினால் ஸ்பிரிங் தாழ்ப்பாள் ஒன்று வந்து பூட்டிக்கொள்ளும். கழற்ற வேண்டுமானால் தாழ்ப்பாளை விரலால் நகர்த்தித் தூக்க வேண்டியதுதான். பழகிய கைக்கு இரண்டு மூன்று நொடி வேலை. ஆனால் அதைப் பொருத்திக் கொடுக்கிற துப்பாக்கிக் கொல்லருக்குப் பல மணி நேர வேலை. கொக்கியை விளக்குப் புகையில் காட்டிக் கரி படியவிடுவார். குழிக்குள் நுழைத்து வெளியே எடுப்பார். கரி அழிந்த இடம் எதுவோ அதுதான் உரசும் இடம். அங்கே அரத்தால் மெல்ல ஓர் இழுப்பு. மறுபடி புகை, மறுபடி நுழைப்பு, மறுபடி அரம். நம் ஊர் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர்கள் ப்ரஷ்யன் ப்ளூ தடவி மேடு பள்ளம் பார்ப்பார்களே, அதே வேலைதான்.

இவ்வளவு பாடு எதற்கு? ஸ்கோப்பை நான்கு திருகால் இறுக்கி அப்படியே விட்டுவிடக் கூடாதா என்று கேட்கலாம். பலர் அப்படித்தான் விடுகிறார்கள். ஜெர்மானிய, ஆஸ்திரிய வேட்டை முறைதான் அதற்கு இடம் கொடுக்கவில்லை. இலையுதிர் காலத்தில் ஆட்களும் நாய்களும் காட்டைக் கலைக்க, பன்றி புதருக்குள்ளிருந்து பாய்ந்து ஓடும். அங்கே ஒரு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை பெரிதாக்கும் சிறிய ஸ்கோப் வேண்டும். பார்வைப் பரப்பு அகலமாக இருக்க வேண்டும். அதே ஆள் நிலா வெளிச்சத்தில் மரப் பரணில் உட்கார்ந்து பன்றிக்குக் காத்திருக்கும்போது, எட்டு மடங்கு பெரிதாக்கும் 56 மி.மீ. முகப்பு லென்ஸ் வேண்டும். 56ஐ 8ஆல் வகுத்தால் 7 மி.மீ.; இருட்டில் விரிந்த கண்மணியின் அகலமும் ஏறத்தாழ அதுதான். ஒரு துப்பாக்கிக்கு இரண்டு கண்கள். போதாததற்கு அந்த நாடுகளின் மூன்று குழல் துப்பாக்கி வேறு: இரண்டு குழலில் ரவை, ஒன்றில் குண்டு. பறவையை ரவையால் சுடும்போது ஸ்கோப் இடைஞ்சல்.

இன்னொரு காரணம் உயிர் சம்பந்தப்பட்டது. அடிபட்ட பன்றியைத் தேடிப் புதருக்குள் போகிறவர், ஆப்பிரிக்காவில் காயம்பட்ட காட்டெருமையின் தடம் பிடித்துப் போகிறவர், பத்தடி தூரத்தில் ஸ்கோப்புக்குள் விலங்கைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. கழற்றிப் பையில் போட்டுவிட்டு, என்.சி.சி.யில் பயிற்சி எடுத்தவர்களுக்குத் தெரிந்த அந்தப் பழைய ஃபோர்சைட், பேக்சைட் வழியாகவே பார்த்தாக வேண்டும். மழையில் லென்ஸ் மங்கினாலும், பரணிலிருந்து விழுந்து ஸ்கோப் நசுங்கினாலும் இதே கதிதான்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது; பெரும்பாலான வாசகர்களுக்கு இது கடையில் வாங்குகிற பொருள் அல்ல. ஆனாலும் கழற்றிய பொருளை மறுபடி மாட்டினால் அது பழைய இடத்திலேயே உட்காருமா என்ற கேள்வி துப்பாக்கியோடு நிற்பதில்லை. ஆய்வுக்கூடக் கருவிகளிலும் ஆலை இயந்திரங்களிலும் அதே கேள்வி உண்டு. விடையும் அங்கிருந்துதான் வருகிறது.

முதலில் எவ்வளவு நகர்ந்தால் எவ்வளவு தப்பும் என்று பார்ப்போம். ஸ்கோப்பின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே 100 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பின்காலின் கீழே 0.01 மி.மீ. கனத்துக்கு ஏதோ ஒன்று சிக்கிக்கொண்டது. ஸ்கோப் சாயும் கோணம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ரேடியன். 100 மீட்டர் தள்ளி அது 10 மி.மீ. ஆகிவிடும். ஐரோப்பிய ஸ்கோப்புகளில் குறியைத் திருத்தும் குமிழை ஒரு 'க்ளிக்' திருப்பினால் 100 மீட்டரில் நகர்கிற தூரமும் ஒரு சென்டிமீட்டர்தான். அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அழுக்கு, ஒரு க்ளிக்குக்குச் சமம். ஜெராக்ஸ் தாள் ஒன்றின் கனம் சுமார் 0.1 மி.மீ. அந்தத் தாளின் துணுக்கு பின்காலுக்கடியில் மாட்டினால் 100 மீட்டரில் பத்து சென்டிமீட்டர் போய்விடும்.

கால்களுக்கு இடையிலான தூரத்தை 150 மி.மீ. ஆக்கினால் அதே 0.01 மி.மீ. பிழை 10 மி.மீ.க்குப் பதில் 7 மி.மீ.க்கும் குறைவாகத்தான் நகர்த்தும். செலவில்லாமல் கிடைக்கும் துல்லியம் இது. இரண்டு கால்களும் நெருக்கமாக அமைந்த குட்டையான மவுன்ட்டை அழகுக்காக வாங்குகிறவர்கள் இந்த வகுத்தலை மறந்துவிடுகிறார்கள்.

இனி எந்த நகர்வு ஆபத்து, எது ஆபத்தில்லை என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு திடப்பொருள் ஆறு வகையில் நகரலாம். முன் பின், இடம் வலம், மேல் கீழ் என்று மூன்று நகர்வுகள். அந்த மூன்று அச்சுகளைச் சுற்றி மூன்று சுழற்சிகள். ஸ்கோப் முழுவதும் கோணம் மாறாமல் வலப்பக்கம் 0.1 மி.மீ. தள்ளி உட்கார்ந்தால், 100 மீட்டரிலும் குண்டு 0.1 மி.மீ.தான் தள்ளிப் போகும். யாருக்கும் தெரியாது. முன்னாலோ பின்னாலோ நகர்ந்தால் குறியில் மாற்றமே இல்லை. தன் நீள அச்சில் துளி உருண்டால் குறுக்குக்கோடு சாய்ந்து தெரியும். நூறு மீட்டருக்கு ஏற்கெனவே சரிசெய்த குறியை அது கெடுக்காது. மிச்சம் இரண்டுதான்: மூக்கு மேலும் கீழும் ஆடுவது, மூக்கு இடமும் வலமும் திரும்புவது. கழற்றி மாட்டும் மவுன்ட்டின் முழுப் பிழைப்பும் இந்த இரண்டு கோணங்களைக் காப்பாற்றுவதில் இருக்கிறது. விளம்பரத் தாள் கையில் கிடைத்தால் முதலில் தேட வேண்டியது இதைத்தான். மேல் கீழ்க் கோணத்தை எந்த முகங்கள் தீர்மானிக்கின்றன? இட வலக் கோணத்தை எவை தீர்மானிக்கின்றன? படத்தைப் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியவில்லை என்றால், வடிவமைத்தவரும் யோசிக்கவில்லை என்று சந்தேகப்படலாம்.

ஆறு சுதந்திரங்களைக் கட்ட ஆறு தொடுபுள்ளிகள் போதும், ஏழாவது கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கெல்வின் பிரபுவும் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்லும் கருவி செய்வதற்கு வகுத்த நெறி இது. முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கும். நாற்காலிக்குச் சமதளம் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கால் அந்தரத்தில் தொங்கும். கெல்வின் அமைப்பில் மூன்று கோளக் கால்கள். ஒன்று முக்கோணக் குழியில் உட்காரும்; அங்கே மூன்று தொடுபுள்ளி. இரண்டாவது 'வி' வடிவப் பள்ளத்தில் உட்காரும், அங்கே இரண்டு. மூன்றாவது வெறும் தட்டையான பரப்பில், அங்கே ஒன்று. மொத்தம் ஆறு. மேக்ஸ்வெல்லுடையது இன்னும் சீரானது: மூன்று கோளங்கள், மூன்று பள்ளங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு தொடுபுள்ளி. கழற்றி எத்தனை முறை வைத்தாலும் இப்படிப்பட்ட அமைப்பு மைக்ரோமீட்டர் அளவுக்குள் பழைய இடத்துக்குத் திரும்பும். இரண்டு பரப்புகளும் தேய்த்து வழித்த கண்ணாடிபோல் இருக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை.

கோயம்புத்தூரிலும் ஒசூரிலும் உதிரிபாகம் கடையும் பட்டறைகளில் அளவு பார்க்கும் சி.எம்.எம். எந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் முனையில் தொங்கும் ஊசி ஒவ்வொரு முறையும் பொருளைத் தொட்டு விலகி, பிறகு தன் இருக்கைக்குத் திரும்பும். அந்த ஊசிக்கு மூன்று கைகள். ஒவ்வொரு கையும் இரண்டு குண்டுமணிகள் மேல் உட்காரும். டேவிட் மெக்மர்ட்ரி என்ற பொறியாளர் 1972இல், கான்கார்ட் விமானத்தின் ஒலிம்பஸ் எஞ்சின் குழாய்களை அளக்க வழி தேடியபோது உண்டாக்கிய உத்தி அது. ரெனிஷா நிறுவனம் பிறந்தது அந்த ஊசியிலிருந்துதான். அங்கும் ஆறு தொடுபுள்ளிகள், கூடவே அவற்றைச் சேர்த்து அழுத்த ஒரு ஸ்பிரிங்.

இதை வைத்துக்கொண்டு ஸூல் கொக்கியைத் திரும்பிப் பார்த்தால் கொல்லரின் அரம் எதற்கென்று புரியும். நான்கு கொக்கிகள், நான்கு குழிகள், ஒவ்வொன்றிலும் பல முகங்கள். தேவைக்கு மேல் எத்தனையோ தொடுபுள்ளிகள். எல்லாம் ஒரே நேரத்தில் தொட்டால்தான் ஆடாது. எந்திரத்தில் கடைந்த துண்டுகளை நேரே மாட்டினால் எல்லாம் ஒரே நேரத்தில் தொடாது. அந்தக் குறையை மனிதக் கை மணிக்கணக்கில் அராவிச் சரிசெய்தது. சரியாகச் செய்யப்பட்ட ஸூல் மவுன்ட் தலைமுறை தாண்டியும் உழைக்கிறது, எடை குறைவு, தாழ்வாக உட்காரும். ஆனால் அது அந்த ஒரு துப்பாக்கிக்கும் அந்த ஒரு ஸ்கோப்புக்கும் மட்டுமே. ஸ்கோப்பை மாற்றினால் மறுபடி கொல்லரைத் தேட வேண்டும். அவசரத்தில் செய்து கொடுத்ததோ, ஒரு பருவம் முடிவதற்குள் தளர்ந்துவிடும். பழைய துப்பாக்கியோடு கூடவே வரும் ஸூல் மவுன்ட்டைத் தூக்கியெறிய வேண்டாம். புதுத் துப்பாக்கிக்கு அதைத் தேடிப் போகவும் வேண்டாம்.

இதற்கு அடுத்து வந்தது சுழல் மவுன்ட். முன்காலில் உருண்டையான ஒரு முளை. ஸ்கோப்பைக் குழலுக்குக் குறுக்காகப் பிடித்து முளையை முன்னடியில் நுழைத்து, கதவைச் சாத்துவதுபோல் தொண்ணூறு பாகை திருப்பினால் பின்கால் தன் இருப்பிடத்தில் போய் முட்டி நிற்கும். ஒரு லீவர் அதைப் பூட்டும். ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஆபெல் நிறுவனம் இந்த வகைக்குப் பெயர் பெற்றது. இதில் வேலைப் பங்கீடு தெளிவு. குண்டு பாயும்போது எழும் உதையை முன்முளை தாங்கும். மூக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதைப் பின்கால் முட்டும் முகம் தீர்மானிக்கும். மேக்ஸ்வெல் பார்த்திருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருக்கமாட்டார், ஆனால் தேர்ச்சி போட்டிருப்பார்.

பிளேஸர் நிறுவனம் வேறு கோணத்தில் யோசித்தது. 1993இல் வந்த அதன் ஆர்93 துப்பாக்கியிலும் 2008இல் வந்த ஆர்8இலும் ஸ்கோப் உட்காருவது நேரே குழலின் மேல். குழலின் பக்கவாட்டிலேயே பள்ளங்கள் கடைந்திருப்பார்கள். சேணம்போல் அமர்ந்து மவுன்ட் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். இடையில் தனியாக ஓர் அடித்தட்டு இல்லை, அந்தத் தட்டைப் பிடிக்கிற திருகுகளும் இல்லை. கழற்றி மாட்டும் மவுன்ட் குறி தப்பியது என்று குறை சொல்லி வருகிற துப்பாக்கிகளில் பல, உண்மையில் அடித்தட்டின் திருகு தளர்ந்த கேஸ். லீவரைச் சந்தேகப்படுமுன் அடித்திருகைச் சோதிக்க வேண்டும். பிளேஸர் அந்த வியாதிக்கு இடமே வைக்கவில்லை. குழலை மாற்றினாலும் ஸ்கோப் தன் குழலோடு போய்விடுவதால் குறியும் கூடவே போகும். விலைதான் கையைக் கடிக்கும். அதோடு அந்த மவுன்ட் வேறு எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தாது.

இன்று உலகம் முழுக்கப் பரவியிருப்பது அமெரிக்க ரெயில். வில்லியம் வீவர் 1930களில் மலிவு விலை ஸ்கோப்புகளைச் சாதாரண வேட்டைக்காரரின் கைக்கு எட்டவைத்தார். அவர் பெயர் தாங்கிய அடித்தட்டில் 4.57 மி.மீ. அகலத்தில் குறுக்குப் பள்ளங்கள் உண்டு. அமெரிக்க ராணுவம் 1995இல் அதையே ஒழுங்குபடுத்திப் பிக்காட்டினி ரெயில் என்று தரப்படுத்தியது: பள்ளத்தின் அகலம் 5.23 மி.மீ., ஒரு பள்ளத்திலிருந்து அடுத்ததற்கு 10.01 மி.மீ. வீவருக்குச் செய்த ரிங் (ஸ்கோப்பின் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் வளையம்) பெரும்பாலும் பிக்காட்டினியில் உட்காரும். பிக்காட்டினிக்குச் செய்த தடித்த குறுக்குக்கட்டை வீவர் பள்ளத்தில் நுழையாது. கடையில் 'இரண்டும் ஒன்றுதான்' என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

பிக்காட்டினியின் பலவீனம் அதன் பக்கவாட்டுச் சரிவுகளில் இருந்தது. மவுன்ட்டின் தாடைகள் அந்தச் சாய்ந்த முகங்களைப் பிடித்துத்தான் உட்காரும். சாய்ந்த முகத்தில் பிடி கொஞ்சம் மாறினால் உயரமும் மாறும். 2009இல் நேட்டோ தன் ரெயில் தரத்தை வெளியிட்டபோது முக்கியமாகத் திருத்தியது இதைத்தான். தாடை கீழே இழுக்கட்டும், ஆனால் மவுன்ட் உட்கார வேண்டியது ரெயிலின் தட்டையான மேல்முகத்தில் என்று மாற்றினார்கள். உட்காரவைக்கிற முகம் ஒன்று, இறுக்கிப் பிடிக்கிற முகம் வேறொன்று. நான் சொல்ல வருவதும் அதுதான். எவ்வளவு பலமாக இறுக்குகிறது என்பதைப் பார்த்து மவுன்ட் வாங்காதீர்கள். எதன்மேல் உட்கார்கிறது என்பதைப் பார்த்து வாங்குங்கள். இடத்தைத் தீர்மானிக்காத மவுன்ட்டை எவ்வளவு இறுக்கினாலும், தவறான இடத்தில் இறுக்கமாக இருக்கும், அவ்வளவுதான்.

அதற்காக இறுக்கம் தேவையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். கணக்கைப் பாருங்கள். .30-06 ரகத் தோட்டாவிலிருந்து 11.7 கிராம் குண்டு நொடிக்குச் சுமார் 820 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. ஸ்கோப்போடு சேர்த்து 4 கிலோ எடையுள்ள துப்பாக்கி, குண்டு குழலை விட்டு வெளியேறும் நொடியிலேயே பின்னோக்கி வினாடிக்கு இரண்டே முக்கால் மீட்டர் வேகம் பெற்றிருக்கும். எடுத்துக்கொண்ட நேரம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்றுமேல். புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் இருநூறு மடங்குக்கும் கூடுதலான முடுக்கம் இது. 600 கிராம் ஸ்கோப்பைத் தன்னோடு இழுத்துப் போக மவுன்ட் தாங்க வேண்டிய விசை சராசரியாக 140 கிலோ எடைக்குச் சமம். உச்சத்தில் அதைவிட மிக அதிகம். 1912இல் வந்து இன்றும் ஆப்பிரிக்க வேட்டையில் பேர்போன .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் போன்ற தோட்டாவுக்கு இது இன்னும் கூடும்.

துப்பாக்கி பின்னால் போகிறது; ஸ்கோப் தான் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. துப்பாக்கியிலிருந்து பார்த்தால் ஸ்கோப் முன்னோக்கி ஓட முயல்கிறது. ஆகவே ரெயிலில் மாட்டும்போது குறுக்குக்கட்டையைப் பள்ளத்தின் முன்சுவரோடு, அதாவது குழல் வாய்ப் பக்கம் தள்ளி வைத்துப் பிறகுதான் லீவரை மூட வேண்டும். தள்ளாமல் மூடினால் முதல் சுடுதலே அந்த இடைவெளியை மூடிவிடும், குறியும் மாறும். ஒரு செலவும் இல்லாத வேலை, பாதிப்பேர் செய்வதில்லை. பின்லாந்தின் சாக்கோ நிறுவனம் இதே இயற்பியலைத் தனக்குச் சாதகமாகத் திருப்பியது. அதன் துப்பாக்கிகளின் மேல்தண்டவாளம் ஆப்பு வடிவில் மெல்ல அகலமாகும். ஒவ்வொரு உதையும் மவுன்ட்டைத் தளர்த்துவதற்குப் பதில் இன்னும் நெருக்கிவிடும்.

லீவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில மவுன்ட்டுகளில் எவ்வளவு இறுக வேண்டும் என்பதை நட்டைத் திருகி நாமே வைத்துக்கொள்ளலாம். வசதிதான், ஆனால் அந்த நட் தானாகத் தளராமல் பூட்டும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். லீவர் மூடிய நிலையில் ஒரு நிறுத்தத்தில் போய் நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கை பலத்துக்கேற்ப வெவ்வேறு இடத்தில் நிற்கிற லீவர் ஒவ்வொரு முறையும் ரெயிலை வெவ்வேறு அளவு வளைக்கும். போல்ட்டின் கைப்பிடியை மேலே தூக்கும்போது விரல் அதில் இடிக்கக் கூடாது. தோள் வாரிலோ புதர்க் கிளையிலோ மாட்டித் தானாகத் திறந்துகொள்ளவும் கூடாது. கட்டை விரலால் திருகுகிற பெரிய குமிழ் வைத்த மவுன்ட்டுகளை நான் சிபாரிசு செய்யமாட்டேன். குளிரில் விறைத்த விரலின் பலத்தை நம்பித் துல்லியம் பேச முடியாது.

குளிர் என்றதும் உலோகத்தைச் சொல்ல வேண்டும். துப்பாக்கி உடம்பு எஃகு, மேலே பூட்டிய ரெயில் பெரும்பாலும் அலுமினியம். வீட்டுக்குள் 20 பாகை, பரணில் மைனஸ் 10. இந்த 30 பாகை இறக்கத்தில் 100 மி.மீ. அலுமினியம் 0.07 மி.மீ. சுருங்கும், எஃகு அதில் பாதிதான் சுருங்கும். இரண்டு முனையிலும் இறுகப் பூட்டினால் இந்த வித்தியாசம் வளைவாக மாறும். நல்ல வடிவமைப்பில் ஒரு முனை இறுகியிருக்கும், மறுமுனை நீளவாக்கில் மட்டும் நழுவ இடம் இருக்கும். எஃகு மவுன்ட் எடை கூடுதல், ஆனால் இந்தச் சங்கடம் குறைவு. நூற்றுக்கணக்கான முறை கழற்றி மாட்டினாலும் விளிம்பு மழுங்குவதும் குறைவு. தினமும் கழற்றுகிறவருக்கு எஃகு, வருடத்தில் நாலு முறை கழற்றுகிறவருக்கு அலுமினியம் போதும் என்பது என் கணிப்பு. ரிங் திருகுகளை முறுக்கும்போது டார்க் ரெஞ்ச் பயன்படுத்துங்கள். பெரும்பாலானவற்றுக்கு 2 நியூட்டன்-மீட்டர் சுற்றுவட்டாரம்தான் அளவு. கைக்கு எட்டிய மட்டும் முறுக்கினால் ஸ்கோப்பின் அலுமினியக் குழாய் நசுங்கும்.

மவுன்ட்டை அலட்சியம் செய்ததால் வந்த வினைக்கு வரலாறு உண்டு. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைக்கு மறைந்து சுடும் கலையைக் கற்பித்த ஹெஸ்கெத் பிரிச்சார்ட் அடிப்படையில் ஒரு வேட்டைக்காரர். பதுங்குகுழிகளில் இருந்த ஸ்கோப் துப்பாக்கிகளை அவர் சோதித்தபோது பலவும் குறி விலகிச் சுட்டன. விலை உயர்ந்த கண்ணாடி, நல்ல குழல், நடுவில் தளர்ந்த இணைப்பு. எதிர்ப்பக்கத்தில் ஜெர்மானியர்கள் 1915 முதல் தங்கள் மவுசர் துப்பாக்கிகளில் வேட்டை உலகத்துக் கொக்கி மவுன்ட்டையே ராணுவத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பிரிச்சார்ட் 1920இல் வெளியிட்ட நூலில் இந்த அனுபவங்களை எழுதியிருக்கிறார்.

வாங்கியபின் சோதிப்பது எப்படி? பலரும் செய்வது இது: மூன்று குண்டு சுடு, கழற்றி மாட்டு, மறுபடி மூன்று குண்டு சுடு, இரண்டு கூட்டமும் ஒரே இடத்தில் விழுந்தால் மவுன்ட் நல்லது. இது சோதனையே அல்ல. எந்தத் துப்பாக்கியும் எல்லாக் குண்டையும் ஒரே ஓட்டைக்குள் போடாது. மூன்று குண்டின் நடுப்புள்ளி, மவுன்ட்டைத் தொடாமலே ஒரு சென்டிமீட்டர் அங்கே இங்கே அலையும். அந்த அலைச்சலைப் பார்த்துவிட்டு மவுன்ட்டைத் திட்டுகிறவர்களும் உண்டு, பாராட்டுகிறவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் ஆதாரம் கிடையாது.

குண்டே செலவழிக்காத வழி ஒன்று இருக்கிறது. துப்பாக்கிக் கொல்லர்களிடம் கோலிமேட்டர் என்ற சிறு கருவி உண்டு. குழல் வாயில் செருகினால் ஸ்கோப்புக்குள் கட்டம் போட்ட படம் ஒன்று தெரியும். குறுக்குக்கோடு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கோலிமேட்டரைத் தொடாமல், ஸ்கோப்பை மட்டும் கழற்றி மாட்டி மறுபடி பாருங்கள். பத்து முறை செய்தால் மவுன்ட்டின் குணம் தெரிந்துவிடும். குழலின் சிதறல், சுடுபவரின் கை நடுக்கம் எதுவும் இதில் கலக்காது. கட்டத்துக்குக் கட்டம் அலைகிறதா, ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போகிறதா என்பதையும் கவனியுங்கள். முன்னது உட்காரும் முகத்தின் கோளாறு. பின்னது எங்கோ ஒரு திருகு தளர்ந்துகொண்டிருப்பதன் அடையாளம்.

அலைச்சல் எவ்வளவு இருந்தால் பரவாயில்லை? இங்கேதான் புள்ளியியல் வேட்டைக்காரருக்கு ஆறுதல் சொல்கிறது. ஒன்றையொன்று சாராத பிழைகள் நேரடியாகக் கூடுவதில்லை; அவற்றின் வர்க்கங்கள்தான் கூடும். 100 மீட்டரில் துப்பாக்கியின் சிதறல் 30 மி.மீ., மவுன்ட்டின் அலைச்சல் 10 மி.மீ. என்றால் மொத்தம் 40 அல்ல. 900உடன் 100 சேர்த்து வர்க்கமூலம் எடுத்தால் 31.6 மி.மீ. ஒன்றரை மி.மீ. கூட்டலை எந்த மானும் கவனிக்கப் போவதில்லை. ரோ மானின் நெஞ்சில் உயிர்நிலை இருக்கும் பகுதியே ஏறக்குறைய 15 செ.மீ. அகலம். ஒரு க்ளிக் அளவு அலைச்சலுக்காக இரட்டிப்பு விலை கொடுத்து மவுன்ட் மாற்றுகிறவர், அதே பணத்தில் தோட்டா வாங்கிப் பயிற்சி எடுத்தால் அதிகம் பயன்பெறுவார். ஆனால் அலைச்சல் 50 மி.மீ. என்றால் கணக்குத் தலைகீழ். அப்போது துப்பாக்கி எவ்வளவு நல்லதாக இருந்தும் புண்ணியமில்லை.

வெளிநாட்டில் முறையான உரிமம் பெற்று வேட்டையாடுகிற தமிழர் யாராவது இதைப் படித்தால், கடைக்குப் போகுமுன் ஒரு கேள்வியைத் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளட்டும்: ஸ்கோப்பை நான் உண்மையிலேயே கழற்றப் போகிறேனா? இரண்டு ஸ்கோப் வைத்திருந்தால், மூன்று குழல் துப்பாக்கி வைத்திருந்தால், அடிபட்ட பன்றியைத் தேடிப் புதருக்குள் இறங்க நேரும் என்றால் ஆம். அப்படியானால் துப்பாக்கியில் ஏற்கெனவே இருக்கிற அமைப்புக்கு ஏற்ற எஃகு மவுன்ட்டாக, கால்கள் இரண்டும் தள்ளித் தள்ளி அமைந்ததாக, உட்காரும் முகம் தெளிவாகத் தெரிவதாகப் பார்த்து வாங்குங்கள். மாட்டுமுன் அந்த முகங்களை விரலால் தடவித் துடையுங்கள், முன்னால் தள்ளிப் பூட்டுங்கள், வேட்டைக் காலம் தொடங்குமுன் சுடுதளத்தில் சரிபாருங்கள். ஒரே ஸ்கோப், ஒரே வகை வேட்டை, துப்பாக்கியில் பேக்சைட்டே கிடையாது என்றால் கழற்றி மாட்டும் மவுன்ட்டுக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. திருகால் இறுக்கிய சாதாரண மவுன்ட் விலையும் குறைவு, எடையும் குறைவு, கெட்டுப்போக அதில் லீவரும் இல்லை.